பூசாத பக்கம்

ஜூன் 2, திங்கள்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

இன்று காலை கண் விழித்ததும், முகம்கூடக் கழுவாமல், கூடத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறிச் சுவரின் உச்சியில் இருந்த கண்ணாடியைப் பார்த்தேன். உடைந்திருந்தது.

என்ன கண்ணாடி என்று கேட்பீர்கள். போன மாதம் நான் கூட்டி வந்த இன்ஜினியர், உங்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் நிற்கும் சுவரில், மேலே ஓடும் விரிசலுக்குக் குறுக்கே விரல் அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டுப் போனார். "இது அப்படியே இருந்தா விரிசல் செத்துப்போச்சுன்னு அர்த்தம் மேடம். பூசிட்டு மறந்துடலாம். உடைஞ்சா உயிரோட இருக்குன்னு அர்த்தம்" என்றார். இருக்கிறது. நம் இருவருக்கும் நடுவில் அது ஒன்றாவது உயிரோடு இருப்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நலம் விசாரிக்கவில்லை. உங்கள் இருமல் எனக்கு இங்கே கேட்கிறது. என்னுடையது உங்களுக்குக் கேட்கும். அந்தச் சுவர் எழும்பிய நாளிலிருந்து உங்களோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று வயிற்றில் இருந்த என் மகள் இப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். எழுதுவது பேச்சில் சேராது என்பதால் எழுதுகிறேன். கடிதம் சின்னவர் கையால் பெரியவருக்கு வரும், அவர் கையால் உங்களுக்கு. நம் வீட்டுக்காரர்கள் இருவரும் தினமும் காலையில் தெருமுனைக் கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பது நமக்குத் தெரியாது என்று அண்ணனும் தம்பியும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நம்பட்டும்.

விஷயம் இதுதான். நாங்கள் இந்த வீட்டை விட்டுப் போவதாக இருக்கிறோம். எங்கள் பாதியை எடுத்துக்கொண்டு, தான் கட்டும் அடுக்கு மாடியில் ஒரு வீடு தருவதாக ஒரு பில்டர் சொல்கிறார். பத்திரம் இருவர் பேரிலும் இருப்பதால் உங்கள் பக்கத்துக் கையெழுத்தும் வேண்டும். தாள் இதோடு இருக்கிறது. பெரியவர் பேரில் இருந்தாலும் கையெழுத்துப் போடப்போவது யார் என்று எனக்குத் தெரியும்.

அதற்கு முன் இன்ஜினியர் உங்கள் பக்கத்தையும் ஒரு முறை பார்க்க வேண்டும் என்கிறார். அனுமதிக்கவும். அதுவரை தையல் மிஷினைச் சுவரிலிருந்து தள்ளிப் போடவும். அதன் அதிர்வில்தான் கண்ணாடி உடைந்ததோ என்று சந்தேகமாக இருக்கிறது.

இப்படிக்கு,
சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவள்

ஜூன் 4, புதன்

ஆபீஸ் அம்மாவுக்கு,

உன்னை மாதிரி எழுத எனக்கு வராது. வாயில வர்றதைத்தான் எழுதுவேன். படிக்க முடிஞ்சா படி.

மிஷின் அதிர்வில உடைஞ்சிடுச்சாம். இந்த மிஷின் இந்த இடத்துல ஓட ஆரம்பிச்சப்போ நீ இந்த வீட்டுக்கு வரவே இல்ல. அப்போ உடையாதது இப்போ உடைஞ்சிடுச்சா? நீ ஸ்டூல் போட்டு ஏறி ஏறிப் பார்த்ததுல உடைஞ்சிருக்கும்.

அது என்ன, "நடுவில் நிற்கும் சுவர்"? போன வருஷம் நான் ஒரு ஆணி அடிச்சேன். ஒரே ஒரு ஆணி. தைச்ச துணி மாட்ட. அடுத்த நாள் காலையில சின்னவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்து, "அண்ணி, அது எங்க சுவராம், அவ சொல்லச் சொன்னா"ன்னு நின்னார். பாவமா இருந்துச்சு, பிடுங்கிட்டேன். ஆணி அடிச்சப்போ உன் சுவர். விரிசல் விட்டதும் நடுச்சுவரா? நல்லா இருக்கு நியாயம்.

இந்தப் பேச்சு வார்த்தை இல்லாத வீட்டுல உனக்கு மூச்சு முட்டுதுன்னா போ. யாரு பிடிச்சா? ஆனா கையெழுத்து போட மாட்டேன். வீடு பழசுதான், இல்லைங்கல. பழசுன்னா பிரிச்சு ரிப்பேர் பண்ணணும். தோள்ல இறுக்குதுன்னு ஒருத்தர் சட்டையைக் கொண்டு வந்தா நான் பிரிச்சுத் தைச்சுக் கொடுப்பேன். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குன்னு சொல்ற ஆளு நான் இல்ல. அது உன் பழக்கம்.

இன்ஜினியர் வரட்டும். டேப்போட வரட்டும். நீ வர வேண்டாம்.

தையல்காரி

பி.கு: எனக்கு இருமல் இல்ல. அது பெரியவர். இத்தனை வருஷமா கேட்டும் யார் இருமல்னு தெரியல உனக்கு.

ஜூன் 8, ஞாயிறு

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

சட்டை கிழிந்தால் தலையில் விழாது. வீடு விழும். உதாரணம் சொல்வதற்கு முன் அதை யோசித்திருக்கலாம்.

இன்ஜினியர் நேற்று உங்கள் பக்கம் வந்துவிட்டு என்னிடம் வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல மேடம். அந்த அம்மா டேப்பை என் கையிலிருந்து வாங்கி அவங்களே அளந்தாங்க."

"தப்பா அளந்தாங்களா?"

"சரியாத்தான் அளந்தாங்க. ஆனா நான் எதைச் சொன்னாலும் 'அவ சொல்லச் சொன்னாளா, அவ சொல்லச் சொன்னாளா'ன்னு கேட்டாங்க."

உங்களிடம் அவர் சொல்லி முடிக்க முடியாமல் போனதை நான் எழுதுகிறேன். கூடத்துக்கு மேலே கூரையைத் தாங்கி ஓடும் மரத் தூலத்தின் இரண்டு முனைகளையும் கரையான் தின்றுவிட்டது. தட்டினால் பெட்டியைத் தட்டுவது போலச் சத்தம் வருகிறது. முனையில் பிடிப்பு இல்லாததால் தூலம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, இப்போது முழுப் பாரத்தையும் நம் சுவர் மேல் போட்டு உட்கார்ந்திருக்கிறது. சுவருக்கோ அஸ்திவாரம் கிடையாது, தரை மேல் அப்படியே எழுப்பியது. அதனால் தரை அழுந்துகிறது, சுவர் கீறுகிறது.

"இந்தச் சுவர் மட்டும் இல்லைன்னா கூடம் எப்பவோ உக்காந்திருக்கும் மேடம். இத்தனை வருஷமா வீட்டைத் தாங்கறதே இதுதான். யாரோ நல்லா யோசிச்சுக் கட்டியிருக்காங்க" என்றார்.

யாரும் எதையும் யோசித்துக் கட்டவில்லை என்று நான் அவரிடம் சொல்லவில்லை. குடும்ப மானம் என்று ஒன்று இருக்கிறதே.

ரிப்பேர் என்கிறீர்கள். அதையும் கேட்டேன். கூடம் முழுக்க முட்டுக் கொடுத்து, சுவரை எடுத்துவிட்டு, தூலத்துக்குப் பதில் இரும்பு போட வேண்டும். மூன்று மாதமாவது ஆகும். அந்த மூன்று மாதமும் உங்கள் பக்கம், என் பக்கம் என்று எதுவும் இருக்காது. ஒரே கூடம். நீங்கள் சாப்பிடுவதை நான் பார்க்க வேண்டும், நான் சாப்பிடுவதை நீங்கள் பார்க்க வேண்டும். அதோடு பழைய வீட்டில் ஒரு இடத்தைத் திறந்தால் அங்கேயே நிற்காது. தூலத்தைத் தொட்டால் ஓடு, ஓட்டைத் தொட்டால் சுவர் என்று போய்க்கொண்டே இருக்கும். காப்பீட்டு அலுவலகத்தில் என் வேலையே எது எப்போது விழும் என்று பார்ப்பதுதான். தெரிந்தே ஒரு கிணற்றில் நான் இறங்க மாட்டேன்.

இன்னொன்றும் சொன்னார். "அந்தப் பக்கம் பூச்சே இல்ல மேடம். வெறும் செங்கல். ஒரு துணியைத் தொங்கவிட்டு மறைச்சிருக்காங்க." நான் அந்தப் பக்கத்தைப் பார்த்ததில்லை. கேட்டதும் ஆச்சரியப்படவில்லை. நான் கேட்டு எழுப்பிய சுவர் என்பதால் அதற்கு ஒரு கரண்டி சிமெண்டு செலவழிக்கக்கூட உங்களுக்கு மனம் வரவில்லை. சுவர் மேலேயே அவ்வளவு வெறுப்பு என்றால், சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பவள் மேல் எவ்வளவு இருக்கும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும்.

கையெழுத்துக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நடுச்சுவரில் பாதி உரிமை உள்ளவள்

ஜூன் 10, செவ்வாய்

பாதி உரிமைக்காரிக்கு,

பாதி என்ன, முழுசா எடுத்துக்கோ. வீட்டைத் தாங்குதுன்னு தெரிஞ்சதும் உரிமை வந்துடுச்சு பாரு.

பூசல. என் இஷ்டம். என் பக்கம் எப்படி இருக்கணும்னு சொல்ல நீ யாரு? இத்தனை வருஷத்துல ஒரு நாள் என் வாசப்படி மிதிச்சிருக்கியா? யாரோ டேப்பு பிடிக்கிறவன் வந்து சொல்லித்தான் உனக்குத் தெரியுது. அதை வெச்சு எனக்கு எவ்வளவு வெறுப்புன்னு கணக்கு வேற.

சரி, கணக்குன்னு வந்துட்ட. இதையும் சேர்த்துக்கோ. உன் பொண்ணு சின்னதுல ஒரு வாரம் விடாம இருமினா. நான் மிஷினை ஓட்டவே இல்ல. தூங்கற குழந்தை எழுந்திடும்னு, கையில வாங்கின துணியை எல்லாம் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தேன். "என்னக்கா, உடம்பு சரியில்லையா"ன்னு வந்தவங்க கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன். உனக்கு அப்போ மிஷின் நின்னது காதுல விழுந்துச்சா? ஓடினா மட்டும்தான் விழுமா?

பில்டர் உன் பாதியை இடிப்பான். இடிச்சா என்ன ஆகும்? அந்தத் தூலம் என் பக்கம் வந்து உக்காரும். உனக்கு லிஃப்ட் வெச்ச வீடு, எனக்கு மண்ணு மேடு. பெரியவர் இந்தச் சுவர்ல சாஞ்சுதான் பேப்பர் படிப்பார். அந்த இன்ஜினியர் வந்துட்டுப் போனதுலேர்ந்து சாய மாட்டேங்கறார். நடுக்கூடத்துல நிமிர்ந்து உக்காந்து படிக்கறார், ஸ்கூல் பையன் மாதிரி. ரெண்டு பக்கம் படிச்சதும் முதுகு வலிக்குதுங்கறார். இதையெல்லாம் உன் ஆபீஸ்ல எந்தக் கட்டத்துல எழுதுவாங்க?

உன்னை ஒண்ணு கேக்கறேன். உன் புருஷனுக்கு நல்ல வேலை. உனக்கும் வேலை. நினைச்சிருந்தா எப்பவோ ஒரு வீடு பார்த்துப் போயிருக்கலாம். என் முகத்துல முழிக்கவே பிடிக்காத நீ இத்தனை வருஷம் எதுக்குடி இந்தப் பாதி வீட்டைக் கட்டிக்கிட்டு அழுத? இப்போ மட்டும் என்ன புதுசா?

அதுக்குப் பதில் சொல்லு. அப்புறம் கையெழுத்தைப் பத்திப் பேசலாம்.

தையல்காரி

ஜூன் 14, சனி

அக்காவுக்கு,

கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

நான் இந்த வீட்டுக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் அலுவலகத்திலிருந்து வந்தபோது என் புத்தக அலமாரி இருந்த இடத்தில் நீங்கள் துணி வெட்டும் மேஜை இருந்தது. என் புத்தகங்கள் பரணில் கிடந்தன, சாக்கில் கட்டி. "படிச்சு முடிச்சதுதானே" என்றீர்கள். கதவு வைத்த ஓர் அறை எனக்கு வேண்டும் என்று நான் கேட்டேன். "கதவு எதுக்கு? சுவரே வெச்சுக்கோ" என்றீர்கள். அதற்கு மேல் இருவரும் பேசியதை எழுத வேண்டாம். பேசியவர்களுக்கு மறந்திருக்காது. மறுவாரமே மேஸ்திரி வந்தார்.

நான் ஆறு மாதம். உள்ளே படுத்திருந்தேன். வெளியில் மேஸ்திரி சுவரின் கனத்தைப் பற்றி உங்களைக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"நாலரை இஞ்சா, ஒம்பது இஞ்சாம்மா?"

நீங்கள் சொன்னீர்கள்: "நாலரையே போதும் மேஸ்திரி. கொஞ்ச நாளைக்குத்தானே."

கொஞ்ச நாளைக்குத்தானே. அதாவது, இவள் இங்கே தங்கப்போகிறவளா என்ன, மூட்டையைக் கட்டிக்கொண்டு சீக்கிரம் போய்விடுவாள், இவளுக்கு எதற்கு ஒன்பது இஞ்சு. படுத்திருந்த இடத்திலேயே அன்று நான் ஒரு முடிவு செய்தேன். யார் போனாலும் நான் போவதில்லை. சின்னவருக்கு வெளியூர் மாற்றல் வந்தபோது வேண்டாம் என்று சொல்ல வைத்தேன். அலுவலகத்தில் வீட்டுக்கடன் கொடுத்தபோது எல்லோரும் எடுத்தார்கள், நான் எடுக்கவில்லை. பக்கத்தில் உட்காரும் பெண், "பாதி வீட்டுல என்ன மேடம் அப்படி ஒரு ஆசை?" என்று கேட்டாள். ஆசை இல்லை என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? அந்தச் சுவருக்கு அந்த வாரமே நான் பூச்சுப் பூசினேன், பெயின்ட் அடித்தேன், காலண்டர் மாட்டினேன். என் பக்கத்தில் அது கொஞ்ச நாளைக்கான சுவர் இல்லை என்று காட்ட. நீங்கள் பார்க்கப்போவதில்லை என்றாலும்.

இத்தனை வருஷம் ஏன் இருந்தாய் என்றால், உங்கள் அந்த ஒரு வார்த்தையைப் பொய்யாக்கத்தான் இருந்தேன். இப்போது போவது சுவரால். என் பிடிவாதம் வேறு, என் மகள் லீவுக்கு வந்து அந்தத் தூலத்துக்குக் கீழே படுப்பது வேறு.

போன வாரம் பில்டரின் வீட்டைப் போய்ப் பார்த்தேன். புது வீடு என்பதற்காக நான் மயங்கவில்லை. பழைய வீட்டின் ஓட்டை உடைசல் கண்ணுக்குத் தெரிகிறது, புது வீட்டில் அதன் மேல் பெயின்ட் அடித்திருப்பார்கள், அவ்வளவுதான். குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்தேன். ஜன்னல்களைச் சாத்தித் திறந்து பார்த்தேன். ஒன்று பாதியில் நின்றது. கூட வந்த பையன் சுவரை முட்டியால் தட்டி, "பக்கத்து வீட்டுல என்ன நடந்தாலும் இங்க ஒரு சத்தம் வராது மேடம். யார் இருக்காங்கன்னே தெரியாது" என்றான். நல்லது என்றேன். சும்மா அந்தச் சுவரில் கொஞ்ச நேரம் காதை வைத்து நின்றேன். உண்மைதான், ஒன்றும் வரவில்லை. அங்கே நான் யார் மேல் கோபப்படுவேன் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் அதை விரட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பில்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் போகத்தான் போகிறேன் என்று அன்றே சொன்னீர்கள். ஜெயித்தது நீங்கள்தான், தாமதமாக. அந்தச் சந்தோஷத்திலாவது கையெழுத்துப் போடுங்கள். உங்கள் பாதிக்கு முட்டுக் கொடுத்த பிறகே இடிக்க வேண்டும் என்று பில்டரிடம் எழுதி வாங்கித் தருகிறேன். மண்மேட்டில் உங்களை விட்டுப்போகும் அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை.

இப்படிக்கு,
கொஞ்ச நாளைக்கு என்று வந்தவள்

ஜூன் 16, திங்கள்

ஏய்,

உன் கடிதத்தைப் பெரியவரைப் படிக்கச் சொல்லி ரெண்டு தடவை கேட்டேன். நான் படிச்சதுல தப்பா இருக்குமோன்னு.

நான் உன்னைச் சொல்லல. சுவரைச் சொன்னேன்.

நாலரை இஞ்சு போதும், கொஞ்ச நாளைக்குத்தானேன்னா, சுவர் கொஞ்ச நாளைக்குத்தானேன்னு அர்த்தம். அண்ணன் தம்பி சண்டைகூட இல்ல, ரெண்டு பொம்பளைங்க ஒரு மேஜைக்குப் போட்ட சண்டை. குழந்தை பிறந்தா எல்லாம் சரியாப் போயிடும், அப்போ இடிக்கறப்போ ஒம்பது இஞ்சை இடிக்கறது கஷ்டம்னு நினைச்சேன். அதுக்கு நீ இப்படி ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சு, அதைப் பிடிச்சுக்கிட்டு, மாற்றலை வேண்டாம்னு சொல்லி, கடனை வேண்டாம்னு சொல்லி... நீ படிச்சவளா? ஒரு வார்த்தை எழுந்து வெளியில வந்து "என்னடி சொன்ன"ன்னு கேட்டிருந்தா அன்னிக்கே உன் தலையில ரெண்டு போட்டு முடிச்சிருப்பேன்.

குழந்தை பிறந்ததும் நீயே கதவைத் தட்டுவன்னு இருந்தேன். நீ காலண்டர் மாட்டிக்கிட்டு இருந்திருக்க.

நம்பினா நம்பு. இல்லைன்னா போ. நீ இருக்கணும்னு இதைச் சொல்றேன்னு மட்டும் நினைச்சுக்காத. எனக்கு உன்னைப் பிடிக்காது. அன்னிக்குப் பிடிக்காததைவிட இப்போ அதிகமாப் பிடிக்கல. இருபது வருஷம் ஆகப்போகுது, ஒரு சுவரை வெச்சு என்னைக் கொடுமைக்காரி ஆக்கி வெச்சிருக்க.

தாள் இதோட இருக்கு. பெரியவர் கையெழுத்துப் போட்டுட்டார். நான்தான் போடச் சொன்னேன். முட்டுக் கொடுக்கறதுக்கெல்லாம் நீ எழுதி வாங்க வேண்டாம், நாங்க பார்த்துப்போம். போறவளைப் பிடிச்சு வைக்கற பழக்கம் எனக்கு இல்ல.

இதுக்குப் பதில் எழுதாத.

ஜூன் 19, வியாழன்

அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். ஆனால் இதைச் சின்னவரிடம் கொடுத்தனுப்பப் போவதில்லை, அதனால் உங்கள் பேச்சை மீறியதாகாது.

அலுவலகத்தில் என் மேஜைக்கு வருபவற்றில் மிகவும் சிரமம் கொடுப்பவை காலம் கடந்து வரும் இழப்பீட்டுக் கோரிக்கைகள். எப்போதோ விழுந்த மரம், எப்போதோ எரிந்த கடை. பார்த்தவர் இருக்க மாட்டார்கள். நம் மேஸ்திரியும் எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ. அப்படி வந்தால் நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: இதைச் சொல்வதால் சொல்பவருக்கு என்ன லாபம்? நீங்கள் சொன்னதையும் அப்படித்தான் பார்த்தேன். சுவர் போனால் வீடு விழும் என்று தெரிந்த பிறகு, என்னை இருக்க வைப்பதற்காக இந்த வயதில் ஒரு கதை கட்டுகிறீர்கள் என்றுதான் முதலில் எழுதிக்கொண்டேன். மூன்று நாளாக அதை நம்பத்தான் முயன்றேன். முடியவில்லை. கதை கட்டுகிறவர் அதோடு கையெழுத்தையும் சேர்த்து அனுப்ப மாட்டார்.

பிறகு அந்தப் பூசாத பக்கம். என் மேல் உள்ள வெறுப்பு என்று நான் எழுதினேன். நீங்கள் மறுத்துக்கூட எழுதவில்லை, என் இஷ்டம் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். இடிக்கப்போகும் சுவருக்கு யாரும் பூச்சுப் பூச மாட்டார்கள் என்பது எனக்கு நேற்று பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோதுதான் தோன்றியது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அதற்காக நீங்கள் நல்லவர் ஆகிவிடவில்லை. என் புத்தகங்களைச் சாக்கில் கட்டியது கட்டியதுதான். கதவைத் தட்டுவேன் என்று காத்திருந்தீர்களாம். நீங்கள் தட்டினால் என்ன? உங்கள் கை சுளுக்கிக்கொள்ளுமா? குழந்தைக்காக மிஷினை நிறுத்தினேன் என்கிறீர்கள். நின்ற மிஷினுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? அந்த வாரம் எனக்கு நினைவிருக்கிறது. நீங்கள் ஊருக்குப் போய்விட்டீர்கள் என்று நினைத்தேன். எனக்குச் சொல்லாமல் எல்லோரும் எங்கோ போய்விட்டார்கள் என்று, இருமும் குழந்தையை வைத்துக்கொண்டு, அதற்கும் உங்கள் மேல்தான் கோபப்பட்டேன்.

இன்று மதியமே வீட்டுக்கு வந்துவிட்டேன். சின்னவர் இன்னும் வரவில்லை. உங்கள் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டூலை எடுத்துச் சுவர் ஓரம் போட்டேன். காலண்டரைக் கழற்றினேன். கருவிப் பெட்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அது மாட்டியிருந்த ஆணிக்குக் கீழே சுரண்ட ஆரம்பித்தேன். முதலில் பெயின்ட் வந்தது, அடுக்கடுக்காக, நான் அடித்த அத்தனை நிறமும். பிறகு பூச்சு. இன்ஜினியர் பார்த்தால் திட்டுவார். உள்ளங்கை அகலம்தான், அவ்வளவு போதும். செங்கல் தெரிந்தது. உங்கள் பக்கமும் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது.

சுரண்டிக்கொண்டிருந்தபோது உங்கள் மிஷின் நின்றது. நானும் நிறுத்தினேன். அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. நீங்கள் எழுந்து சுவர் பக்கம் வந்து நிற்கிறீர்கள் என்று தெரிந்தது. என்னடி பண்ற என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கேட்கவில்லை. பிறகு நான் மறுபடி சுரண்டினேன், வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாக. நீங்கள் போய் உட்கார்ந்து மிஷினை ஓட்டினீர்கள், வேண்டுமென்றே அதைவிடச் சத்தமாக. இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஓடும்போதெல்லாம் ஸ்டூலுக்குக் கீழே கொஞ்சம் பொடி உதிர்கிறது. அதிர்வு இருக்கிறது என்று நான் எழுதியது தப்பில்லை.

சின்னவர் காலையில் கேட்டார்: "நாளைக்கு பில்டருக்கு என்ன சொல்லப் போற?"

"நாளைக்குத் தெரியும்" என்றேன்.

"நீ எது சொன்னாலும் எனக்குச் சரிதான்."

"அதுதான் உங்ககிட்ட பிரச்சினை" என்றேன். சிரித்தார்.

நாளை பத்து மணிக்கு பில்டரின் ஆள் வருவார். வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். பதினொரு மணிக்கு இன்ஜினியரை வரச் சொல்லியிருக்கிறேன். கூடத்துக்கு முட்டுக் கொடுக்க எத்தனை கம்பம் வேண்டும் என்று அளந்து பார்க்க. எதற்கு என்று அவரிடமும் சொல்லவில்லை. தூலத்தைத் தொட்டால் ஓட்டில் போய் நிற்கும், மூன்று மாதம் ஆறு மாதமாகும், எல்லாம் தெரியும். உங்களோடு ஒரே கூடத்தில் இருப்பதைவிட லிஃப்ட் நடுவில் நின்றுபோவது எவ்வளவோ மேல் என்பதும் தெரியும். மூன்று நாளாகப் போட்ட கணக்கில் எந்தப் பக்கம் கூட்டினாலும் புது வீடுதான் வருகிறது. அந்தக் கணக்கை ஒழுங்காக மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

சின்னவரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் காலையில் டீக்கடைக்குப் போகும், அங்கிருந்து உங்களுக்கு வந்துவிடும். நீங்கள் இன்னும் ஒரு நாள் நான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு மிஷினை மிதியுங்கள். இத்தனை வருஷம் நான் நினைத்ததற்கு அது ஒன்றும் அதிகமில்லை.

பெரியவரின் கையெழுத்துப் போட்ட தாளைக் கிழிக்கவில்லை. அலமாரியில் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரே கூடத்தில் உங்களோடு இருக்கப்போகிறேன். எப்போது வேண்டுமானாலும் தேவைப்படலாம்.

இப்படிக்கு,
இந்தப் பக்கத்துப் பூச்சைச் சுரண்டியவள்